கெஸ்வாவில் மன்னர் இன்னும் இருக்கிறார்

வென்தாரா மோகில் உள்துறையில் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தாள். முதல் முப்பத்தைந்தரை ஆண்டுகளில் அவளைப் பற்றி மேலிடத்துக்கு ஒரு புகாரும் போனதில்லை. ஓய்வுபெற ஐந்து மாதம் இருக்கும்போது, இறந்துபோன மன்னர் ஒருவரைச் சாகவிடாமல் தடுத்து வைத்திருக்கிறாள் என்று குற்றச்சாட்டு வந்தது. குற்றச்சாட்டு உண்மைதான்.

தெவ்ரான் அரசுக்கு வெளியுறவுத் துறை என்று ஒன்று கிடையாது. கண்ணுக்குத் தெரிகிற விண்மீன்கள் எல்லாம் தங்களுடையவை என்று ஆதியிலேயே எழுதி வைத்துக்கொண்டுவிட்டார்கள். வெளியே என்று ஓர் இடம் இருந்தால்தானே வெளியுறவு. அதனால் எதுவானாலும் உள்துறைக்குத்தான் வரும். ஏதோ ஒரு நிலவில் குழாய் உடைந்தாலும், எந்தக் கோளில் எந்தக் குழந்தை பிறந்தாலும், அதற்கான ஒரு தாள் அன்வேர் நகரத்து ஏழடுக்குக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்துவிடும். அந்தக் கட்டடத்தின் மூன்றாம் அடுக்கில், கழிப்பறைக்கும் பழைய வரைபட அறைக்கும் நடுவே இருந்தது 'இன்னும் இருக்கும் மன்னர்கள் பிரிவு'. அங்கே இரண்டு மேசைகள். ஒன்று வென்தாராவுடையது.

மற்ற எல்லாச் செய்தியும் அலையில் ஒரே நாளில் போய்விடும். மன்னர் இறந்த செய்தியை மட்டும் அலையில் அனுப்பக் கூடாது. முன்னொரு காலத்தில் எவனோ ஒருவன் மன்னர் போய்விட்டார் என்று புரளி கிளப்ப, நான்கு கோள்களில் நான்கு பேர் முடிசூட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களை இறக்க அறுபது ஆண்டுகள் ஆயின. அன்றிலிருந்து சட்டம் இதுதான்: அறிவிப்பாளர் கப்பலேறிப் போக வேண்டும், அந்த மண்ணில் இரண்டு காலையும் ஊன்றி நிற்க வேண்டும், மன்னர் கடைசியாகத் தலைவைத்த தலையணையை உயர்த்திக் காட்டி வாயால் சொல்ல வேண்டும். சொல்லும்வரை அந்த ஊரில் மன்னர் உயிரோடுதான் இருக்கிறார். திருமணச் சீட்டு அவர் பெயரில், வரி அவர் பெயரில், மனுவும் அவருக்குத்தான். மனு வந்தால் பதில் போட வேண்டும். அந்தப் பதிலை எழுதி முத்திரை குத்துவதற்கு, இறந்த மன்னர் ஒவ்வொருவருக்கும் உள்துறையில் ஓர் ஆள் உண்டு. அந்தப் பதவிக்குப் பெயர் 'கை'.

ஊர்களுக்கு விஷயம் தெரியாமல் இருக்குமா என்றால், தெரியும். வியாபாரிகள் போகிறார்கள், வருகிறார்கள். ஆனால் அறிவிப்பாளர் வருவதற்கு முன்பே தெரிந்ததாகக் காட்டிக்கொள்வது அநாகரிகம். பந்தியில் இலை போடும் முன்பே போய் உட்கார்ந்துகொள்கிற மாதிரி.

வென்தாரா கர்வெல் மன்னரின் கை. அவர் இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. கெஸ்வா என்ற ஒரே ஒரு கோளில் மட்டும் இன்னும் இருந்தார். அடுத்த மேசைக்காரர் திகோல், சரவேத் ராணியின் கை. ராணி இறந்து முப்பத்தொரு ஆண்டுகள். அவருடைய அறிவிப்பாளர் போகிற வழியில் ஒரு நிலவில் கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டதால், இரண்டு பாறைகளில் பதினான்கு பேருக்கு ராணி இன்னும் இருந்தார். திகோல் எல்லா மனுவுக்கும் ஒரே பதில் வைத்திருந்தார்: 'கருணையுடன் பரிசீலிக்கப்படும்.' அதை எழுதிவிட்டு உப்புவேர் மென்றுகொண்டிருப்பார்.

கர்வெல் மன்னர் உயிரோடிருந்தபோது பேசியதே குறைவு. மனுக்களின் ஓரத்தில் 'ஆகட்டும்' அல்லது 'கூடாது' என்று எழுதுவார். பெரும்பாலும் 'கூடாது'. வென்தாராவும் முதல் மூன்று ஆண்டுகள் அப்படியே எழுதினாள். அதற்குப் பிறகு கெஸ்வாவில் மன்னரின் குணம் மாறிப்போயிற்று. பேச ஆரம்பித்தார். மாடு காணோம் என்று மனுப் போட்டவனுக்கு, மாடு ஏன் ஓடுகிறது என்று இரண்டு பக்கம் எழுதினார். மருமகளோடு ஒத்துப்போகவில்லை என்று எழுதிய மாமியாருக்கு, மாதத்தில் மூன்று நாள் செவிடாக இருக்கப் பழகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் கைவைத்தியம் சொன்னார். தனக்கு முழங்கால் வலி என்றார். கதவுக்கு முதுகு காட்டி உட்காரப் பிடிக்காது என்றார். பாசி அடையைக் கருகவிட்டுத் தின்பதே ருசி என்று அடித்துச் சொன்னார். கடிதங்களின் படிகளைக் கோப்பில் வைக்கத்தான் செய்தார்கள். கோப்பை யாரும் படிக்கவில்லை.

வென்தாராவின் கணவர் ஓசிம், அன்வேர் விண்தூக்கியில் கயிறு பார்க்கும் வேலை செய்தவர். வாய் ஓயாத மனிதர். முழங்கால் வலி உண்டு. பாசி அடை கருகியிருக்க வேண்டும். அவர் இறந்து எட்டு ஆண்டுகள்.

மாட்டிக்கொண்டது இப்படி. கெஸ்வாவில் இல்தா பெரூன் என்று ஒரு பெண், முட்டை விற்பவள். மாதம் தவறாமல் மன்னருக்கு மனு எழுதுவாள், எழுத ஒன்றும் இல்லாவிட்டால் மழையைப் பற்றியாவது எழுதுவாள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவள் எழுதினாள்: "மன்னா, கப்பல் எறங்குற சத்தத்துல மூசலுங்க அடைய விட்டு எந்திரிச்சு ஓடிடுதுங்க. முட்டை பூராவும் கூமுட்டையாப் போவுது. சாமானத்தைக் குடை கட்டி மேலருந்தே எறக்கிவிடச் சொல்லுங்க, ஆளுங்க வர வேணாம், எங்களுக்கு ஆள் வேணும்னு ஒண்ணும் இல்ல."

வென்தாரா இரக்கப்பட்டு உத்தரவு எழுதினாள். 'மூசல் பறவைகள் அடைகாக்கும் காலத்தில் கெஸ்வாவில் எந்தக் கப்பலும் இறங்கக் கூடாது.' எழுதி முடித்ததும், ஓசிம் இதைச் சொன்னால் இத்துடன் நிறுத்தமாட்டாரே என்று தோன்றியது. 'எங்கள் கப்பலும்தான்' என்று சேர்த்தாள். முத்திரை குத்தினாள். மூசல் எத்தனை நாள் அடைகாக்கும் என்று அவள் யாரையும் கேட்கவில்லை.

பதினோரு ஆண்டுகள் பயணம் செய்து, அறிவிப்பாளர் கொர்தான் பெய் தலையணையோடு கெஸ்வாவுக்கு மேலே வந்து சேர்ந்தபோது, கீழேயிருந்து அலையில் பணிவான பதில் வந்தது. மூசல் அடையில் இருக்கிறது, இறங்கக் கூடாது, மன்னர் உத்தரவு.

இயக்குநர் ஹம்ரூத் வென்தாராவைக் கூப்பிட்டனுப்பினார். அவளைவிடப் பதினேழு வயது இளையவர். மேசையில் எப்போதும் ஒரே ஒரு தாள்தான் இருக்க வேண்டும் என்ற கொள்கைக்காரர். மீதித் தாள்கள் நாற்காலிக்கு அடியில் கிடக்கும்.

"உக்காருங்கம்மா. கெஸ்வான்னு ஒரு எடம் இருக்காமே."

"இருக்குங்க ஐயா."

"அங்க ஏதோ கோழி இருக்காமே."

"மூசலுங்க."

"அது எப்ப அடையில உக்காரும்?"

"விசாரிச்சேங்க ஐயா. எப்பவுமே உக்காந்துதான் இருக்குமாம். ஒண்ணு எந்திரிச்சா இன்னொண்ணு உக்காருமாம்."

ஹம்ரூத் கண்ணை மூடிக்கொண்டார். "சரி. இப்ப ஆள்ற இளைய மன்னர்கிட்டச் சொல்லி ரத்து பண்ணிடலாம்னு பாத்தேன். கெஸ்வாவப் பொறுத்தவரை அவர் இன்னும் இளவரசர்தானாம். சட்டப் பிரிவுல சொல்றாங்க, இளவரசர் உத்தரவு அங்க கோழிகிட்டக்கூடச் செல்லாதாம்."

"ஆமாங்க."

"ஆக, செத்தவரு போட்ட உத்தரவ செத்தவருதான் ரத்து பண்ணணும். அப்பதான் அவர் செத்துட்டாருன்னு சொல்ல ஆள் எறங்க முடியும்."

"அப்படித்தாங்க ஐயா வருது."

"அவரோட கை நீங்க. ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க, முடிஞ்சுது."

"யோசிச்சுச் சொல்றேங்க."

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? அந்த மனுஷர் போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு."

"இங்கதாங்க ஐயா" என்றாள் வென்தாரா.

அவரால் அவளுக்கு உத்தரவிட முடியாது. கைக்கு உத்தரவிடுவது மன்னருக்கே உத்தரவிடுவது. அதற்கான தண்டனையை யாரும் இதுவரை நீக்கவில்லை. வேறொருவரைக் கையாக நியமிக்கவும் முடியாது. நியமிக்க வேண்டியவர் கர்வெல் மன்னர். ஐந்து மாதத்தில் வென்தாரா ஓய்வு பெற்றுவிட்டால், அதோடு அந்த உத்தரவை ரத்து செய்ய உலகத்தில் ஆள் கிடையாது. கெஸ்வாவில் மன்னர் சாகவே மாட்டார்.

இதை அவள் மேசைக்குத் திரும்புகிற வழியில், படிக்கட்டில் நின்று முதன்முதலாக யோசித்தாள். ஒன்றும் செய்ய வேண்டாம். ஐந்து மாதம் சும்மா இருந்தால் போதும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

"என்னவாம்?" என்றார் திகோல்.

"ஒரு வரி எழுதணுமாம்."

"எழுதித் தொலைய வேண்டியதுதானே. நீ எழுதுற கடுதாசிக்கெல்லாம் வரியா கணக்கு? போன மாசம் வெங்காயத்தப் பத்தி நாலு பக்கம் எழுதின."

"நீங்க எப்பப் படிச்சீங்க?"

"நீ சாப்பிடப் போனப்ப. வேற என்ன இருக்கு இந்த அறையில படிக்க? எங்க ராணி ஒரே வரிதான் பேசுது." உப்புவேரை மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார். "கர்வெல்லு உசுரோட இருந்தப்ப ஒரு தடவ மாடிப்படியில பாத்திருக்கேன். வணக்கம்னேன். 'கூடாது'ன்னுட்டுப் போயிட்டாரு. அந்த ஆளா இது?"

வென்தாரா அடுத்த மனுவைப் பிரித்தாள்.

மேலே சுற்றிக்கொண்டிருந்த கொர்தான் பெய் நாள்தோறும் ஒரு அறிக்கை அனுப்பியாக வேண்டும் என்பது விதி. முதல் வாரம் நீளமாக அனுப்பினார்: தலையணை பத்திரமாக இருக்கிறது, குழுவினர் ஒன்பது பேரும் நலம், அனுமதியை எதிர்நோக்குகிறோம். மூன்றாம் வாரம் சுருங்கியது: 'நாள் 20. கஞ்சி.' ஆறாம் வாரம்: 'நாள் 41. கஞ்சி. சமையல்காரரோடு யாரும் பேசுவதில்லை.' சொல்லாத செய்தியோடு அறிவிப்பாளர் வீடு திரும்பக் கூடாது என்பது இன்னொரு விதி. வென்தாரா அந்த அறிக்கைகளை வாசித்து, வரிசையாக அடுக்கி, மேலே ஒரு கல்லை வைத்தாள்.

ஹம்ரூத் வேறு வழியில்லாமல் தானே ஒரு மனு எழுதிக்கொண்டு வந்தார். மூன்றாம் அடுக்குக்கு ஓர் இயக்குநர் இறங்கி வந்ததைத் திகோல் தன் வேலைக்காலத்தில் பார்த்ததில்லை. எழுந்து நிற்பதா, ஒளிந்துகொள்வதா என்று தெரியாமல் பாதி எழுந்து நின்றார். மனு இப்படி ஆரம்பித்தது: 'மாமன்னர் கர்வெல் அவர்களின் திருவடிகளுக்கு. தாங்கள் மறைந்தது தொடர்பாகத் தங்கள் மேலான ஒப்புதலைக் கோரி.'

வென்தாரா அதை இரண்டு முறை வாசித்தாள். "நல்லா எழுதியிருக்கீங்க ஐயா."

"அப்ப ஒத்துக்கறாரா?"

"கெஸ்வாவுல குடியிருக்கறவங்கதாங்க மனுப் போடலாம். ஒங்க முகவரி அன்வேர்னு இருக்கு."

திகோலுக்கு இருமல் வந்து அறையை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று. ஹம்ரூத் மனுவை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். கோபம் இல்லை, களைப்புதான்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. ஒங்களுக்கு இதுல என்னதான் கெடைக்குது?"

"மனு வருதுங்க. பதில் போடறேன்" என்றாள் அவள்.

அது பொய்யில்லை. காலையில் அறைக்கு வந்து, கெஸ்வாவிலிருந்து வந்திருக்கும் மனுவைப் பிரித்து, பேனாவை எடுத்ததும் ஓசிம் பேச ஆரம்பித்துவிடுவார். என்ன சொல்லுவார் என்று அவள் யோசித்ததே இல்லை. இரண்டாவது சூரியன் சாயும்வரை பேசுவார். அவள் எழுதிக்கொண்டே போவாள். அந்த ஒரு வரியை எழுதிவிட்டால் மறுநாள் மனு வராது. வந்தாலும் இளைய மன்னருக்கு வரும். அவருடைய கடிதங்களை எழுத ஆறாம் அடுக்கில் நாற்பது பேர் இருக்கிறார்கள்.

இரண்டாவது மாதம் முடிகிற சமயத்தில் இல்தா பெரூனின் மனு வந்தது. வழக்கம்போல மழையில் ஆரம்பித்து, முட்டை விலைக்குப் போய், தங்கை வீட்டுச் சண்டையில் திரும்பி, கடைசியில் விஷயத்துக்கு வந்திருந்தாள்.

"மன்னா, எல்லாருக்கும் கழுத்து வலி. ஊர் பூராவும்தான். ராத்திரியானா மேல ஒரு வெளிச்சம் சுத்துது, அது இன்னதுன்னு தெரிஞ்சுக்கக் கூடாதில்லையா, அதனால ரெண்டு மாசமா யாரும் நிமிந்து பாக்கறதில்ல. தலையக் குனிஞ்சேதான் நடக்கறோம். என் கொழுந்தன் நேத்து ஒரு கம்பத்துல முட்டிக்கிட்டான். சின்னதுங்க கேக்குது, பாட்டனாரே அது என்ன வெளிச்சம்னு. ஒண்ணுமில்ல, தரையப் பாத்து நடன்னு சொல்றாங்க. நீங்க நெனைக்காதீங்க, நாங்க அவசரப்படறோம்னு. எங்களுக்கு ஒரு அவசரமும் இல்ல. நீங்க எத்தன நாள் இருந்தாலும் நாங்க குனிஞ்சே நடந்துக்குவோம். கழுத்துக்கு மட்டும் ஒரு வைத்தியம் சொல்லுங்க."

வென்தாரா தாளைக் கீழே வைத்தாள். திரும்ப எடுத்து, 'எத்தன நாள் இருந்தாலும்' என்ற இடத்தை மறுபடியும் வாசித்தாள்.

"என்ன, அழறியா?" என்றார் திகோல்.

"கெஸ்வாவுல எத்தனை பேரு?"

"எனக்கெப்படித் தெரியும்? நாலாயிரம் இருக்கும்."

"நாலாயிரம் பேரும் குனிஞ்சுக்கிட்டு நடக்கறாங்க, திகோலு. ஒருத்தன் கம்பத்துல முட்டிக்கிட்டான்."

திகோல் சிரிக்க வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். உப்புவேரைத் துப்பிவிட்டு, "எங்க பாறையில பதினாலு பேருதான். அதுல ஒருத்தருக்காவது கழுத்து வலிக்குதான்னு நான் கேட்டதேயில்ல" என்றார்.

அன்று அவள் சாப்பிடப் போகவில்லை. பேனாவை எடுத்தாள். வழக்கமாக எடுத்ததும் பேச்சு வந்துவிடும், அன்று வரவில்லை. காத்திருந்தாள். பக்கத்து அறையில் யாரோ வரைபடங்களைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவளே தொடங்கினாள். இரண்டு வரி போன பிறகு அவர் வந்து சேர்ந்துகொண்டார்.

'இல்தா, உன் மனு கிடைத்தது. மழை நல்லது. தங்கை வீட்டுச் சண்டையில் நீ தலையிடாதே. தலையிடுவாய் என்று தெரியும், ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

கழுத்து வலிக்கு வைத்தியம். உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடு. அதன் பிறகு வெளியே வந்து நின்று நிமிர்ந்து பார். மெதுவாகப் பார்க்க வேண்டும். இத்தனை நாள் குனிந்த கழுத்து, வெடுக்கென்று நிமிர்ந்தால் சுளுக்கிக்கொள்ளும். ஊரில் எல்லாரும் மூன்று வேளை இப்படிச் செய்யட்டும். மேலே யாராவது தென்பட்டால் இறங்கி வரச் சொல்லுங்கள். பாவம், நெடுநாளாகக் கஞ்சி குடிக்கிறார்கள். முதலில் சாப்பாடு போடுங்கள், பிறகு அவர்கள் சொல்ல வந்ததைக் கேளுங்கள்.

கப்பலைப் பற்றிய என் பழைய உத்தரவு இதனால் ரத்தாகிறது. மூசல் கூடுகளின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிட்டால் சத்தம் கேட்காது. அன்றைக்கே எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். எனக்குக் கப்பலைத் தெரியும், கோழியைத் தெரியாது.

எனக்கு முழங்கால் வலி விட்டுப்போயிற்று. இப்போது சுகம்.'

முத்திரையைச் சூடாக்கிக் குத்தினாள். சற்றுச் சாய்வாக விழுந்தது. திகோல் எழுந்து வந்து, கேட்காமலே அந்தத் தாளை எடுத்துக்கொண்டுபோய் அலை அறையில் கொடுத்துவிட்டு வந்தார். பதினோரு ஆண்டுகளில் அவர் அவளுக்காகச் செய்த ஒரே வேலை அது.

பன்னிரண்டு நாள் கழித்துக் கொர்தான் பெய்யின் அறிக்கை வந்தது. நாள் எண்ணும் இல்லை, கஞ்சியும் இல்லை. நீளமாக இருந்தது. இறங்கியதாகவும், உடைந்தது ஏழு முட்டைகள் மட்டுமே என்றும், அதில் மூன்று தன் குழுவின் சமையல்காரர் மிதித்தது என்றும் எழுதியிருந்தார். சாப்பாடு போட்டார்கள். பிறகு தலையணையைக் காட்டிச் சொன்னார். ஊர் அமைதியாகக் கேட்டுக்கொண்டது. அதன் பிறகு ஆளுக்கொரு கட்டுக் காகிதத்தோடு வந்து உட்கார்ந்து, மன்னர் தங்களுக்கு எழுதியதை ஒவ்வொருவராக வாசித்தார்கள். இரண்டு பகலும் ஒரு இரவும் ஆயிற்று. நடுநடுவே சிரித்தார்கள், வெங்காயக் கடிதத்தைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். அறிக்கையின் கடைசிப் பத்தி இது:

'நான் கர்வெல் மன்னரிடம் ஆறாண்டுகள் பணிபுரிந்தவன். கெஸ்வாவில் வாசிக்கக் கேட்ட மனிதரை நான் சந்தித்ததில்லை. ஆயினும் இரண்டாம் நாள் மாலை எனக்கும் அழுகை வந்தது என்பதைப் பதிவு செய்கிறேன்.'

வென்தாரா அதைக் கோப்பில் வைத்து, கோப்பின் முகப்பில் 'முடிந்தது' என்று எழுதினாள். பிறகு வேறொரு தாளை எடுத்து நாலு வரி எழுதிக்கொண்டு ஐந்தாம் அடுக்குக்கு ஏறினாள்.

ஹம்ரூத் முகம் மலர எழுந்தார். "வாங்கம்மா, வாங்க. பெரிய காரியம் பண்ணிட்டீங்க. மிச்சமிருக்கற ரெண்டரை மாசத்துக்கு என்ன வேலை வேணுமோ சொல்லுங்க."

"லீவு வேணுங்க ஐயா."

அவர் தாளை வாங்கி வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார். "கணவர் இறந்ததுக்கான துக்க விடுப்பு. பதினோரு நாள்." தலையைத் தூக்கினார். "அவர் தவறி எட்டு வருஷம் ஆச்சுன்னு போட்டிருக்கீங்க."

"ஆமாங்க. அப்ப எடுக்கல. மறுநாளே வேலைக்கு வந்துட்டேன்."

"எட்டு வருஷம் கழிச்சு எப்படிம்மா?"

"எனக்கு இப்பதாங்க சேதி வந்தது" என்றாள் வென்தாரா.

ஹம்ரூத் நாற்காலிக்கு அடியில் குனிந்து விதிப் புத்தகத்தைத் தேடினார். கிடைத்தது. விரலால் வரிவரியாகப் பார்த்தார். விடுப்பு எடுக்க உரிமை உண்டு என்றிருந்தது. எத்தனை ஆண்டுக்குள் என்று எங்கும் இல்லை. புத்தகத்தை மூடிவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"பேரு ஒரு தடவ சொல்லுங்கம்மா. அவரோடது. இங்க ஒரு கட்டத்துல எழுதணும்."

"ஓசிம்" என்றாள். எட்டு ஆண்டுகளில் அந்தப் பெயரை அலுவலகத்துக்குள் அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் எழுதி முடிக்கும்வரை நின்றிருந்து, தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.